வாசலில் மாட்டிக்கொண்ட பெரியப்பா

டிவியைப் போட்டதும் மாஸ்டர் முதல் வேலையாக அதன் வாயை அடைத்துவிடுவார். இடது கையில் ரிமோட்டைத் தூக்கிக் குறிபார்த்து ஓர் அழுத்து. படம் ஓடும், சத்தம் வராது. பிறகு அவரே பேச ஆரம்பிப்பார். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு, "நேத்துச் சொன்னதுதான் இன்னிக்கும், காலர் மட்டும் வேற" என்று ஒரு பேச்சு. மேடையில் கையை வீசுகிற பெரிய மனிதருக்கு, "இந்தக் கோட்டைத் தைச்சவன் அக்குள்ல துணி மிச்சம் பிடிச்சுட்டான், அதான் கை இதுக்கு மேல ஏற மாட்டேங்குது" என்று இன்னொன்று. பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை வாங்கிக்கொண்டு நாக்கை விட்டுவைத்துவிட்டது. அதையும் கொண்டுபோயிருக்கலாம் என்று மருமகள் நினைப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுவார்.

ஆயுசு முழுக்கத் தையல் கடையில் துணி வெட்டியவர். கத்திரியை விட்ட பிறகும் கண் விடவில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கும்போது இவர் டாக்டரின் பொத்தான் பட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே, "உன் சட்டைத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கு. யார் வெட்டினது, அவன் உருப்படுவானா?" என்பதுதான். அவளுக்கு ஐம்பத்தைந்துக்குப் பக்கம். அன்றிலிருந்து அவள் அவருக்குத் தங்கச்சி.

தங்கச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வீட்டு மனிதர்கள் யாராவது உள்ளே வந்தால் சட்டென்று எழுந்து, ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரோடு சுவராக நின்றுவிடுவாள்.

"ஏன், ஸ்டூல்ல முள்ளா முளைச்சிருக்கு?" என்பார் மாஸ்டர்.

"பழகிப்போச்சு மாஸ்டர்."

"நல்ல பழக்கம், போ."

அவள்தான் ஒருநாள் கேட்டாள், சத்தத்தை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று. மாஸ்டருக்கு ஐம்பது வருஷத்துக் கோபம் மூண்டது.

அவர் சின்னவராக இருந்தபோது அவர்கள் தெருவுக்கே டிவி ஒன்றுதான், காண்ட்ராக்டர் வீட்டில். ஞாயிறு சாயங்காலம் அதில் பொம்மை நாடகம் வரும். ஜன்னலுக்கு வெளியே இவர், தங்கைகள் இருவர், சித்தி மகன், அவன் இடுப்பில் அவன் தம்பி. காண்ட்ராக்டர் சம்சாரம் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவாள். "வாடை வருதாம். எங்க மேலருந்து. மூணு தரம் சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுப் போனோம், அப்பவும் வந்துச்சாம்." கண்ணாடி வழியே படம் தெரியும், சத்தம் வராது. கடைசித் தங்கை, என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க என்று அழுவாள். அழுகையை நிறுத்த இவரே பொம்மைகளுக்குப் பேசினார்.

பொம்மைகள் மூன்று. கோட்டுப் போட்ட கரடி, கண்ணாடி போட்ட கோழி, தூங்கி வழிகிற தவளை. பெயர் தெரியாததால் வீட்டு உறவையே வைத்துவிட்டார்கள். கரடி பெரியப்பா, கோழி அத்தை, தவளை வெட்டி மச்சான்.

"எங்கப்பாவோட அண்ணன் அப்படியே அந்தக் கரடிதான். தாத்தாவுக்கு மூத்த தாரத்துப் பிள்ளை. எந்த வீட்டுக்குப் போனாலும் கோட்டைக் கழட்ட மாட்டார். வயிறு நுழைஞ்ச பிறகுதான் அவர் நுழைவார்." ஒருநாள் நாடகத்தில் பெரியப்பா குடையை விரித்தபடியே வீட்டுக்குள் நுழையப் பார்த்து வாசலில் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து அத்தை இழுக்கிறாள், வெளியேயிருந்து மச்சான் தள்ளுகிறான்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த தங்கச்சியின் கை நின்றுவிட்டது.

"குடையா? குடைதானா அது?"

அவளுடைய அம்மா ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். மகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. "சத்தம் மட்டும் வரும் மாஸ்டர். ஒருநாள் 'தள்ளு தள்ளு'ன்னு ஒரு குரல், 'இழு இழு'ன்னு ஒரு குரல். அந்த வீட்டுப் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எதுக்குன்னு அம்மாகிட்ட கேட்டேன். கிண்ணத்தைத் துடைன்னா. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "எங்களையாவது தெருவுல நிறுத்தினாங்க. உன்னை வீட்டுக்குள்ள உட்கார வெச்சுக் காட்டாம விட்டாங்களா?"

அத்தோடு நின்றிருந்தால் அன்றைய பொழுது நன்றாகப் போயிருக்கும். தங்கச்சி வாய் சும்மா இருக்கவில்லை. கரடிக்குப் பெயர் பஞ்சு என்றாள். குரல் கீச்சுக்கீச்சென்று இருக்கும், அது கரடி என்றே தனக்குத் தெரியாது, குருவி என்று நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"பெரியப்பாவைக் குருவிங்கிறியா? பஞ்சாம் பஞ்சு. தலையணைக்கு வைக்கிற பேரு." அன்று சாயங்காலம் டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அவர் தொடவில்லை.

ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் அது ஒரு மொழியாகிவிட்டது. குளியலறைக் கதவு ஒடுக்கம், சக்கர நாற்காலி அகலம். தினமும் அதில் சிக்கும். "பெரியப்பா வாசல்ல மாட்டிக்கிட்டாரு, தள்ளு" என்று மாஸ்டர் கூவுவார். "தள்ளு தள்ளு" என்று தங்கச்சி பின்னாலிருந்து பஞ்சுக் குரலில் கீச்சிடுவாள். இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகே சக்கரம் நகரும்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மருமகள் இதைக் கூடத்திலிருந்து கேட்டிருக்கிறாள். மாஸ்டரின் நிஜப் பெரியப்பா செத்துப் பல காலம் ஆகிறது. பயந்துபோய்க் கணவனிடம் சொன்னாள். கணவன் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டுவைத்தான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டி வந்து நின்றது. மகனும் மருமகளும் அறைக்குள் வந்தார்கள். ஸ்டூல் மேஜைக்கு அடியில் போனது. தங்கச்சி சுவருக்குப் போனாள்.

"கொஞ்ச நாள் அங்க இருந்து பாருங்கப்பா. இங்க நீங்க தனியாவே பேசிக்கிட்டு இருக்கீங்களாம்."

"யார் சொன்னது?"

"என் காதாலயே கேட்டேன் மாமா," என்றாள் மருமகள். அவள் கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "பெரியப்பா வாசல்ல நிக்கிறார், தள்ளுன்னு. தனியா."

"தனியா," என்றார் மாஸ்டர். கசப்பு மாத்திரையைக் கடித்தவர்போல இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். "தனியா. டேய், இந்த ரூம்ல எத்தனை பேர் இருக்கோம், எண்ணு."

"என்னப்பா இது, சின்னப் பிள்ளை மாதிரி."

"எண்ணுடா."

மகன் விரலை நீட்டினான். "நீங்க, நான், இவ. மூணு பேர்."

"நீ தையல் கடைக்கு வராததே நல்லது. உனக்கு அளவு வராது." இடது கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "என்னைத் தூக்குறவ, குளிப்பாட்டுறவ, பகல் முழுக்க என்னோட மல்லுக்கு நிக்கிறவ அந்தச் சுவத்தோரம் நிக்கிறா. அவ உன் கணக்குல வரலை. அவகூட நான் பேசினா அது தனியா. எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு வண்டி கொண்டுவந்தியே, உன் கண்ணு எங்கடா போச்சு?"

மகன் சுவரைப் பார்த்தான். பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா, பெரியப்பான்னு அவர் யாரைச் சொல்றாரு?"

"கரடிங்க," என்றாள் தங்கச்சி. "டிவில வந்த பொம்மைக் கரடி. கோட்டுப் போட்டது."

"கரடியா?" மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. மகன் ஜன்னலோரம் போய், வேண்டாம், போகலாம் என்று வண்டிக்காரருக்குக் கையசைத்தான்.

மாஸ்டர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விளங்குகிற இடது காலை மேஜைக்கு அடியில் நீட்டினார். ஸ்டூலின் காலைக் கொக்கிபோட்டு இழுத்துத் தன் நாற்காலியை ஒட்டி நிறுத்தினார். மறுபடி யாரும் உள்ளே தள்ளிவிடாதபடி, அதன் குறுக்குக் கட்டையின்மேல் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டு, சுவரோரம் நின்றவளைப் பார்த்து, வா என்று தலையசைத்தார்.