பால்மாப் பைக்குள் கார்ச் சாவி

சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினால்தான் ஒரு காரைப் பூட்டியதாக எனக்கு நம்பிக்கை வரும். நான் வாங்கிய ஜப்பான் காருக்கு அந்த வேலையே இல்லை. சாவி சட்டைப் பையில் கிடந்தால் போதும். கைப்பிடியிலுள்ள கறுப்புப் பொத்தானை அமத்தினால் கதவு திறக்கும். யுத்தம் முடிந்து, பாதையெல்லாம் தார்க் கார்ப்பெட் போட்டு, கண்டக்குழிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம் அது. அவர்களை ஏற்றி இறக்கத்தான் அந்தக் காரை வாங்கினேன்.

காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஊரில் படித்தவர்களுக்கும் அதை வாசிக்க முடியாது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

என் பயமெல்லாம் உப்புக் காற்றில்தான். எங்கள் பக்கம் அது ஜன்னல் கம்பியைத் தின்னும், ரேடியோவைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும். இந்தக் குட்டிச் சாவிக்குள் இருக்கும் பற்றரியை மட்டும் விட்டுவைக்குமா? சாப்பிடும்போதும் இதே கதை, படுக்கும்போதும் இதே கதை. கேட்டுக் கேட்டு உம்மாவுக்குக் காது புளித்திருக்க வேண்டும். கண்ணில் வெள்ளை படர்ந்து, ஆட்களை நிழலாக மட்டும் கண்டுகொண்டிருந்தவர், ஒரு பின்னேரம் வெறும் பால்மாப் பக்கட் ஒன்றைக் கழுவித் துடைத்துச் சாவியை உள்ளே வைத்தார். விரலால் தடவித் தடவிச் சுற்றிவரத் தைத்து, கழுத்தில் போட நூலும் கட்டித் தந்தார்.

"இந்தா மகன். இனி உப்பும் உள்ள போகாது, உன்ட புலம்பலும் வெளிய வராது."

மறுநாள் அவருக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேஷன். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த திகதி. எட்டு மணிக்கு அங்கே நிற்காவிட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கைப்பிடிப் பொத்தானை அமத்தினேன். சத்தமில்லை. பைக்கு மேலாகச் சாவியின் பொத்தானை அமத்திப் பார்த்தேன். அதற்கும் இல்லை. மற்றப் பக்கக் கதவு, பின் கதவு எல்லாம் அப்படித்தான்.

"பற்றரி பற்றரி எண்டு நீங்க சொல்லிச் சொல்லியே அது மௌத்தாப் போயிட்டு" என்றாள் மனைவி. முற்றத்தில் கதிரை போட்டு, வெள்ளை முக்காட்டோடு உம்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரித் துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

புத்தளத்தில் கார் வயரிங் செய்யும் பாஸுக்குப் போன் எடுத்தேன். தூக்கக் குரலில் பேசினார்.

"சாவில சிவப்பு லைட் பத்துதா?"

"தெரியல்ல பாஸ். பைக்குள்ள இருக்கு."

"என்ன பை?"

உம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். "சும்மா ஒரு பை" என்றேன்.

"சரி, அந்தச் சாவிக்குள்ள இரும்புச் சாவி ஒண்டு ஒளிச்சிருக்கு. அத இழுத்தெடுங்க. டிரைவர் கதவில ஓட்டை இருக்கும், போட்டுத் திருப்புங்க. உள்ள ஏறிச் சாவிய ஸ்டார்ட் பொத்தானோட ஒட்டிப் பிடிங்க. பற்றரி செத்தாலும் எடுக்கும்."

அதற்குப் பையை வெட்ட வேண்டும். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உம்மா மௌத்தாகி, அந்தக் காரையும் விற்றுவிட்ட இந்தக் காலத்திலும், ஒரு கோணலும் இல்லாமல் ஓடிய அந்தத் தையல் என் கண்ணில் நிற்கிறது.

"வெட்டு மகன்" என்றார் உம்மா. "பை ஆயிரம் தைக்கலாம்."

வெட்டினேன். சாவியை வெளியே எடுத்து, ஒளிந்திருக்கும் இரும்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மனைவி பொறுமையில்லாமல் கைப்பிடிப் பொத்தானை அமத்தினாள். 'கிக்' என்று கதவு திறந்தது.

போனை நான் இன்னும் கட் பண்ணவில்லை. போனில் பாஸ் கேட்டார். "அது என்ன பை எண்டு சொல்லுங்களேன்?"

"பால்மாப் பக்கட்."

அவர் சிரித்த சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது. "உள்ள வெள்ளித் தாள் இருக்கே! அதுக்குள்ள வச்சா சாவிட சிக்னல் காருக்கு எப்படிப் போறது?"

"அப்ப என்ட தையல்ல பிழையில்ல" என்று எழுந்தார் உம்மா. "காத்தும் போகாம, கரண்டும் போகாமத் தைச்சிருக்கேன். காரை எடு."

எட்டு மணிக்கு முன்பே சிலாபத்தில் நின்றோம். மறுநாள் கண் கட்டவிழ்த்த பிறகு மனைவியோடு கூட்டிவரப் போனபோது, படியில் நின்ற என்னை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அல்லாஹ்வே, நீ எப்ப மகன் இவ்வளவு நரைச்ச?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் உம்மா."

"இவள் ஒருநாளும் எனக்குச் சொல்லவே இல்லயே."

"சொன்னா நீங்களும் யோசிப்பீங்க மாமி" என்றாள் மனைவி.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். முந்தல் வந்ததும் களப்புத் தண்ணீரைக் காட்டினேன், கொக்குக் கூட்டத்தைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால், பக்கத்து சீட்டிலிருந்து அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாதையப் பாத்து ஓட்டு" என்றார்.