மூன்று துறை, ஒரே மீசை: காஞ்சிபுரத்தில் ஒரு ஞாயிறு

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினிக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். நாட்டின் பொருளாதாரம் விவசாயத்திலிருந்து தொழிலுக்கும், அங்கிருந்து சேவைத் துறைக்கும் எப்படி நகர்ந்தது என்று மூன்று புகைப்படங்களோடு விளக்க வேண்டும். போன முறை நான் உதவி செய்து பத்துக்கு மூன்று வாங்கித் தந்தேன். இந்த முறையும் சொதப்பினால் இனி என்னிடம் எதுவுமே கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். வயல், தறி, கோயில் கூட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமே என்று கார்த்திகை மாத ஞாயிறு ஒன்றில் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 6.10க்குப் பேருந்து, 7.50க்குக் காஞ்சி. இட்லி, வடை, காபி 85 ரூபாய். ஏழுமலை என்பவரின் ஆட்டோவை மதியம் வரை 900 ரூபாய்க்குப் பேசினேன். ஒரு விவசாயி, ஒரு நெசவாளி, சேவைத் துறையில் ஒருவர் வேண்டும் என்றேன். அவ்வளவுதானே என்றார்.

பத்து கிலோமீட்டர் தள்ளி, ஐயம்பேட்டை அருகே வண்டியை நிறுத்தினார். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியோடு வரப்பில் இறங்கினார். விவசாயியைக் கூப்பிடத்தான் போகிறார் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தவர், "எடுங்க சார், வெயில் ஏறுது" என்றார். முக்கால் ஏக்கர், அவருடையதேதான்.

அடுத்து நெசவாளி. ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். தறியில் பாதி நெய்த மாம்பழ நிறப் பட்டுப்புடவை. போய் உட்கார்ந்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? மூன்று பேர் கேட்டால் ஒரே ஆளா என்று புலம்பினேன். மூன்றும் சேர்ந்தால்தான் வீடு ஓடுகிறது என்றார் அவர் மனைவி வசந்தா. பிறகு பீரோவிலிருந்து கணவரின் கல்யாணச் சட்டையை எடுத்து வந்தார்.

"மூஞ்சி மாறலன்னாலும் சொக்காயாவது மாறட்டும் சார்."

வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. மீசையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றாவது படத்துக்காவது வேறு ஆளைப் பிடிக்க சின்ன காஞ்சிபுரம் வந்தோம். வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். திரும்பினால், ஏழுமலை காக்கியை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் சாய்ந்து தயாராக நிற்கிறார்.

திங்கட்கிழமையே ப்ராஜெக்ட் திரும்பி வந்தது. 'மூவரும் ஒருவரே. இவருடைய முதன்மைத் தொழில் எது? நாளைக்குள் திருத்தவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. யாழினி அதை என் முன்னால் விரித்து வைத்தாள். ஏழுமலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எந்த மாசத்தக் கேக்குறீங்க சார்? ஆடி, ஆவணின்னா வெவசாயம். மாசி, பங்குனில கல்யாணப் பொடவ, தறியில குந்திக்கினு இருப்பேன். வைகாசில கருட சேவை, ஊரே கூட்டமா இருக்குது, அப்ப ஆட்டோதான்."

யாழினி, நான் வரைந்து கொடுத்த நேரான அம்புக்குறியை அழித்துவிட்டுப் பன்னிரண்டு மாதங்களை வட்டமாக வரைந்தாள். பத்துக்கு ஒன்பது. நான் கை வைக்காததுதான் காரணமாம்.

நாடு பல தலைமுறைகளாக நடந்த தூரத்தை இந்த மனிதர் வருஷா வருஷம் போய்வருகிறார். படம் எடுக்கும்போது சிரித்தேன். மூன்றும் சேர்ந்தால்தான் வீடு ஓடுகிறது என்று வசந்தா சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

போகிறவர்களுக்கு: மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். ஆடியில் போவதாக இருந்தால் ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஏழுமலை வயலில் இருப்பார்.