பின்வாசலால வந்த பிழை

நான் வேதக்காரிங்க. ஞாயிறு பூசைக்குப் போவேன், செபமாலை சொல்லுவேன், அதுக்கு மேல பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன். அதோட நான் படிச்சுக் குடுக்கிறது கம்பியூட்டர். அதுல நம்ம போட்டதுதான் வரும், போடாதது வராது, பதினோரு வருஷமா புள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். அப்படிப்பட்ட நானே சொல்றேன்னா, நீங்க சிரிக்கிறதுன்னா சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எங்க ஸ்கூல் டிக்கோயாவுக்கு மேல, தேயிலைத் தோட்டத்து ஸ்கூல். அங்க குகன் சேர்னு ஒருத்தரு இருந்தாரு, யாழ்ப்பாணத்துல இருந்து வந்த கணக்கு சேர், என் வயசுதான். கம்பியூட்டர்லயும் என்னவிட கெட்டிக்காரரு, அத ஒத்துக்கிறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் புடிச்சுச்சு. நான் செஞ்சதுல ஒரு பிழையக் கண்டா நேரா சொல்ல மாட்டாரு, மொதல்ல "கோவிக்காதேங்கோ டீச்சர்"னு ஆரம்பிப்பாரு. அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்குக் கோவம் வந்துரும். நான் எங்க மலைநாட்டுப் பேச்சுல அவரக் கிண்டல் பண்றது, அவரு பதிலுக்கு யாழ்ப்பாணப் பேச்சுல என்னய கிண்டல் பண்றது, ஸ்டாப் ரூமே எங்களால கலகலன்னு இருக்கும்.

அப்ப நான் பைதன்ல சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். சாதாரண தரப் பரீட்ச எழுதப் போற புள்ளைங்களோட விவரத்த எடுத்து ஒழுங்கா லிஸ்ட் ஆக்கி ஒரு பைல்ல எழுதும். அத வச்சுத்தான் பிரின்சிபால் விண்ணப்பம் அனுப்புவாரு. எங்க புள்ளைங்க கதைதான் உங்களுக்குத் தெரியுமே, பாதிப் பேருக்கு பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு, சில பேருக்கு சான்றிதழ் எங்க இருக்குன்னே தெரியாது. அந்தச் சான்றிதழ் நம்பர் இல்லாட்டி ப்ரோக்ராம் அந்தப் புள்ளைய விட்டுட்டு 'எரர்'னு ஒரு வரி எழுதும். நான் பண்ணின கூத்து என்னன்னா, அந்த வரியும் லிஸ்ட்டுக்குள்ளயே போய் விழுந்துருச்சு. பிரின்சிபால் பிரின்ட் எடுத்துக்கிட்டு வந்து எல்லாருக்கும் முன்னால கேக்குறாரு, "டீச்சர், முப்பத்தெட்டாம் நம்பர்ல எரர்னு ஒரு புள்ள இருக்கே, அது எந்தத் தோட்டம்?"

எனக்கு மானம் போயிருச்சு. ஆத்திரத்துல அந்த எரர் வரிய எல்லாம் ப்ரோக்ராம்ல இருந்து அழிச்சுப்புட்டேன். குகன் சேர் பார்த்துட்டு, "கோவிக்காதேங்கோ டீச்சர், பிழையை அழிக்காதேங்கோ, வழியை மாத்துங்கோ"ன்னாரு. ஒரு ப்ரோக்ராமுக்கு வெளிய பேச ரெண்டு வாசல் இருக்காம். முன்வாசலால போறது பைலுக்குப் போகும். ஸ்டாண்டர்ட் எரர்ங்கிறது பின்வாசல், அதால போறது பைலுக்குப் போகாம நேரா ஸ்கிரீனுக்கு வரும், நம்ம கண்ணுல படும். எனக்கும் தெரிஞ்சதுதான், ஆனா அவரு சொல்லி நான் மாத்துறதா? "பொறகு பார்ப்போம் சேர்"னுட்டேன்.

அந்தப் பொறகு வரவே இல்ல. தைப்பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவரு நெஞ்சு வலியில அங்கயே போய்ச் சேர்ந்துட்டாரு. நான் அழுதேங்க, வீட்டுல இல்ல, ஸ்கூல்ல, கம்பியூட்டர் ரூம்ல.

அடுத்த வருஷம் திரும்ப லிஸ்ட் எடுக்குற நாள். பட்டப்பகல், ஸ்கூல் விட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகல, ஜன்னலுக்கு வெளிய மட்டும் பனி மூடிக் கெடக்கு. பிரின்சிபால் மூணு மணி பஸ்ஸுக்கு லிஸ்ட்டோட போகணும், மறுநாள் கடைசித் திகதி. நான் ப்ரோக்ராம ஓட விட்டேன். எல்லாம் பைலுக்குப் போறதால ஸ்கிரீன்ல ஒண்ணும் வரக்கூடாது. வந்துச்சுங்க. ஒரே ஒரு வரி.

"டீச்சர், மீனுவை விட்டிட்டியள். கோவிக்காதேங்கோ."

நம்பினா நம்புங்க. அந்தப் பழைய மெசின்ல, ப்ரோக்ராம் ஓடுற அந்தக் கறுப்பு ஜன்னல்ல தமிழ் எழுத்தே வராது, கட்டம் கட்டமாத்தான் வரும். அன்னிக்கு முத்து முத்தா நிக்குது. ப்ரோக்ராம மேல இருந்து கீழ வரைக்கும் தேடினேன், பின்வாசலுக்குன்னு ஒரு வரிகூட இல்ல. திரும்ப ஓட விட்டேன், ஸ்கிரீன் வெறிச்சுன்னு இருக்கு. பைல்ல பார்த்தேன், அதுலயும் இல்ல.

மீனுன்னு எங்க ஸ்கூல்ல யாருமே இல்லையே. இருந்தும் மனசு கேக்கல, புள்ளைங்க பேரெல்லாம் இருக்குற இடாப்ப எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா விரல் வச்சுப் பார்த்தேன். யோகராணியக் காணோம். சான்றிதழ் நம்பர் எழுதாததால ப்ரோக்ராம் அவள சத்தமில்லாம விட்டிருக்கு. அவ அம்மா என்கிட்ட முன்னமே சொல்லியிருந்தாங்க, இந்த வருஷம் பரீட்ச எழுதாட்டி கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிருவோம், பேசி வச்சாச்சுன்னு.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் அடிச்சேன். "யோகராணியோட பொறப்புச் சான்றிதழ் இருக்காங்க? இப்பவே வேணும்." அந்த அம்மா போனக் காதுல வச்சுக்கிட்டே வீட்டுக் காம்பராவுக்குள்ள பார்த்துச் சத்தம் போடுறாங்க, "ஏ மீனு, டீச்சர் கேக்குறாங்க, பிஸ்கட் டின்னுக்குள்ள பாருடீ!"

நான் நாக்காலியில அப்படியே உக்காந்துட்டேன். அது வீட்டுல கூப்பிடுற பேருங்க, ஸ்கூல்ல ஒரு தாள்லயும் இல்லாத பேரு.

அந்தப் புள்ள மழைத் தூத்தல்ல சான்றிதழ பொலித்தீன்ல சுத்திக்கிட்டு மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. நம்பரப் போட்டு, பிரின்ட் எடுத்து, நானே பஸ் ஹோல்ட்டுக்கு ஓடினேன். பிரின்சிபால் ஒரு கால பஸ் படியில வச்சுக்கிட்டு நிக்குறாரு. யோகராணி பரீட்ச எழுதிச்சு, பாஸ் பண்ணிச்சு, இப்ப உயர்தரம் படிக்குது.

அன்னிக்கே ஸ்டாண்டர்ட் எரருக்கு வரி எழுதிட்டேன், குகன் சேர் சொன்ன மாதிரியே. இப்ப வருஷா வருஷம் ஓட விட்டுட்டு ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பிழை ஒண்ணும் இல்லாம முடிஞ்சா மத்தவங்களுக்கு சந்தோஷம், எனக்கு மட்டும் கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும். "சேர், கோவிக்க மாட்டேன், சொல்லுங்க"ன்னு வாய்விட்டே கேட்டிருக்கேன். ஒண்ணும் வர்றதில்ல.

குகன் சேரு பாசத்துல வந்து சொல்லிட்டுப் போயிட்டாருன்னு நினைச்சுக்கிட்டா மனசுக்கு நல்லாத்தான் இருக்கு, நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். போன மாசம் பழைய இடாப்பப் பொரட்டுறப்பதான் யோகராணி சேர்ந்த திகதி கண்ணுல பட்டுச்சு. அந்தப் புள்ள டயகமயில இருந்து எங்க ஸ்கூலுக்கு வந்ததே குகன் சேர் செத்து நாலு மாசத்துக்குப் பொறகுங்க.