பல் டாக்டரும் பன்னிரண்டு என்லார்ஜர்களும்

யாருக்குப் பல் வலித்தாலும் அவரிடம் போய்ப் பிரயோசனமில்லை. இருந்தாலும் அவருக்குப் பேர் பல் டாக்டர்தான். புகைப்படக் கல்லூரியின் வாட்ச்மேன் வைத்த பேர். கன்னம் வீங்கிய ஒரு மனிதர் அதை நம்பிப் படியிறங்கி வந்து, மேசை மேலிருந்த அரங்களையும் சுத்தியலையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமலே திரும்பிப் போனார். அந்த ஆளுக்கு அந்த நிமிஷமே வலி விட்டிருக்கும் என்று பல் டாக்டரின் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் பார்த்ததெல்லாம் பித்தளைப் பல். கல்லூரிக்கு அடியில் இருக்கும் இருட்டறையில் பன்னிரண்டு என்லார்ஜர்கள், எல்லாம் கிழட்டு மெஷின்கள். ஃபிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் விளக்குத் தலை ஒரு தூணில் ஏறி இறங்கும். தூணில் வரிசையாகப் பல் வெட்டியிருக்கும். கைப்பிடியைத் திருகினால் ஒரு சின்னப் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்து ஏறும். பல் தேய்ந்தால் தலை தன் கனத்தில் மெல்ல இறங்கும், படம் கலங்கிப்போகும். அப்போது பல் டாக்டரைக் கூப்பிடுவார்கள். ரொம்ப தூரம் போக வேண்டாம், பக்கத்து அறையில்தான் இருப்பார். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்று தெரிய, உள்ளே வருகிறவர்களின் தலைமுடியைப் பார்க்க வேண்டும். படம் கழுவும் மருந்தின் நெடி சட்டையில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும். இப்படியே இருபத்து மூன்று வருஷம்.

நாலு மாதத்துக்கு முன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். அவரும் வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. இந்தப் பரீட்சை முடியட்டும் என்றார். பிறகு அடுத்த பரீட்சை முடியட்டும் என்றார். போன வாரம் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"சனிக்கிழமை வந்துருங்க. இந்தத் தடவையும் வரலைன்னா நான் இனிமே கூப்பிட மாட்டேன்."

அவளுக்கு மிரட்டத் தெரியாது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரியும். அதனால்தான் பயந்துபோனார்.

உருப்படியாக ஒரு காரியம் செய்தார். மெஷின் செய்த கம்பெனியின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, லேத்துப் பட்டறைக்காரரிடம் கொடுத்து, பன்னிரண்டு சக்கரம் புதிதாக வெட்டச் சொன்னார். அளவு சுத்தமாக இருந்தால் இனிமேல் திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் மாற்றிக்கொள்ளலாம், தான் தேவையில்லை என்று கணக்குப் போட்டார். புதன்கிழமை சக்கரங்கள் பளபளவென்று வந்து சேர்ந்தன.

முதல் மெஷினில் மாட்டித் திருகினார். இரண்டு சுற்று நன்றாகப் போனது, மூன்றாவதில் இறுகி நின்றது. அடுத்த மெஷினில் தலை பொத்தென்று கீழே வந்தது. பன்னிரண்டில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கோபத்தோடு லேத்துக்காரரை வரச்சொன்னார். அவர் நிதானமாகச் சக்கரத்தை அளந்தார், தூணை அளந்தார், எல்லா மெஷினையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

"சக்கரத்துல தப்பில்லண்ணே. தூண்ல இருக்கிற பல்லெல்லாம் தேஞ்சு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. அது போதாதுன்னு யாரோ அரம் வச்சு வேற ராவியிருக்காங்க. பன்னெண்டும் பன்னெண்டு தினுசு. யாருண்ணே அந்தப் புண்ணியவான்?"

"நான்தான்."

பல் தேய்ந்த போதெல்லாம் பல் டாக்டர் சக்கரத்தில் விளக்குக் கரியைப் பூசுவார், ஒரு சுற்றுத் திருகுவார், கரி எங்கே ஒட்டுகிறதோ அங்கே ஒரு இழுப்பு ராவுவார். தேய்மானத்தை எடுக்கவில்லை, தேய்மானத்துக்கு ஏற்ற பல்லைச் செய்தார். வருஷா வருஷம் சக்கரமும் தூணும் பழைய தம்பதி மாதிரி ஒன்றின் கோணலுக்கு ஒன்று வளைந்துகொடுத்தன. வேறு யார் செய்த சக்கரமும் இனி அங்கே நுழையாது.

தெரியாமல் செய்தார் என்று சொல்லி அவரைத் தப்பவிடவும் முடியாது. பத்து வருஷத்துக்கு முன், கம்பெனி இழுத்து மூடுவதற்குள் புதுத் தூண்கள் வாங்கிப் போட்டுவிடலாமா என்று இருட்டறை ஆசிரியை கேட்டார். எதுக்கு மேடம், நான் இருக்கேன்ல என்று சொன்னவர் இவர்தான். சொல்லும்போது எவ்வளவு இனித்தது! தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதற்கு அன்றைக்குக் கைகுலுக்கினார்கள்.

மெஷினுக்காக மனுஷன் உட்காருவானா, விட்டுட்டுப் போங்க என்று லேத்துக்காரர் சொன்னார். நியாயம்தான். வியாழக்கிழமை பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில், சாவியை ஒப்படைக்கலாம் என்று போய் அறையில் நின்றபோது, ஆசிரியை கதவருகில் வந்து ஏழாம் நம்பர் இறங்குகிறது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் கையில் அரம் இருந்தது.

மத்தியானம் மனைவிக்குப் போன் செய்து, நாளைக்கு வர முடியாது என்று எல்லாவற்றையும் விளக்கினார். சாய்ந்த பல், கரி, அரம், மூடிப்போன கம்பெனி. குழந்தை சிணுங்குவதும், அவள் தட்டிக்கொடுப்பதும் கேட்டது.

"புரியுதுங்க. உங்களுக்குன்னு ஒழிச்சு வச்ச ரூம்ல குழந்தையப் படுக்க வச்சுக்கிறேன்."

"சரி" என்றார். வருத்தமாகச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய வேகத்தில் அந்தச் சரி துள்ளிக்கொண்டு வந்தது. அவருக்கே வெட்கமாகப் போயிற்று. அது அவள் காதுக்குத் தப்பியிருக்காது. சாப்பிட்டீங்களா என்று ஒரு நாளும் கேட்காமல் இருந்ததில்லை அவள். அன்றைக்குக் கேட்காமலே போனை வைத்துவிட்டாள்.