வெட்டின பக்கத்து நாவல்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிச் சிரிக்கிறவள்தான் நான். நீங்களும் சிரியுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வட்டகொடைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே பாதி மலை காடு, பாதி மலை மொட்டை. அந்தப் பாதியை எப்போதோ வெட்டிவிட்டார்கள். லயம் மொட்டைக்கு நேர் கீழே. விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்கள் ஓரத்து மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை மாட்டிவிட்டுப் போவோம், வெளியே வந்ததும் எடுத்துப் போடுவோம். கொப்பு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு விடாத மழை. கிராமசேவகர் வந்து, மண் சரியலாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்குங்கள் என்றார், யாரும் அசையவில்லை.

"மலை போல வந்தது பனி போல போயிரும் தங்கச்சி. நாம போயிட்டா மாட்ட யாரு பாக்குறது?" என்றார் பக்கத்து வீட்டுப் பெருமாள் அண்ணன்.

பின்னேரம், மலைத் தண்ணீர் குழாயாக விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன், காட்டோரத்து மரத்தில் ஒரு கொப்பு, அப்போதுதான் ஒடித்த மாதிரி. இந்த மழையில் யார் போவார்கள் என்று வீட்டுக்கு ஓடினால், என் மகள் சுதாவைக் காணோம்.

"ஐயோ, புள்ள காட்டுக்குள்ள போயிருச்சு!"

"வெறகு இல்லாட்டி என்கிட்ட கேக்கக் கூடாதா ஒன் மக?" ஏசிக்கொண்டே பெருமாள் அண்ணன் முதலில் ஏறினார். பின்னால் லயமே ஏறியது, நம்பினால் நம்புங்கள், கைப்பிள்ளைக்காரிகள்கூடத் தனியே இருக்கப் பயந்து வந்துவிட்டார்கள்.

மரத்தடியில் நின்று சுதா, சுதா என்று கத்துகிறோம், கீழே லொறி லொறியாகக் கல் கொட்டுகிற சத்தம். திரும்பினால் மொட்டைப் பக்கம் அப்படியே இறங்கிப் போகிறது. லயம் இல்லை. மாட்டுப்பட்டி இல்லை. எங்களுக்கு மலை, மலையாகவே வந்தது. காடு மட்டும் வேரால் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றது.

சுதா கடைப் பக்கமிருந்து அழுதுகொண்டு ஓடி வந்தாள். "நான் காட்டுக்குப் போகலம்மா, மெழுகுதிரி வாங்கப் போனேன்."

அப்படியானால் மாட்டியது யார்? எல்லாரும் அங்கேதான் நின்றார்கள், ஆளாளுக்கு நான் மாட்டவில்லை என்றார்கள். அப்புறம்தான் இலையைக் கவனித்தேன். நாவல். அந்தக் காட்டில் நாவல் கிடையாது. இருந்ததெல்லாம் வெட்டின பக்கத்தில், வெட்டுவதற்கு முன்.

இப்போது வேறு மலையில் வீடு கட்டித் தந்திருக்கிறார்கள். நல்ல வீடு, சுற்றிலும் ஒரு மரமில்லை. நேற்று மழை பிடித்தது. இன்று காலை துணி எடுக்கப் போனால், கொடியில் ஒரு நாவல் கொப்பு.

பெருமாள் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வீசிராத தங்கச்சி," என்றார், அவ்வளவுதான்.

நாலு பக்கமும் பார்த்தேன். அன்றைக்கு ஓடி ஏற ஒரு காடு இருந்தது.