பெரியம்மா மகள் பார்த்த எரிமலை

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்த அன்றுதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குத் துண்டை நீட்டிக்கொண்டே அவர்கள் மகள், என்னைவிட ஒரே மாதம் மூத்தவள், சொன்னாள்:

"அப்பா, அடுத்த மாசம் நான் இந்தோனேசியா போறேன். எரிமலை ஏறுறதுக்கு."

எரிமலை என்னுடையது. குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எரிமலையின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம். அதற்காகவே திருச்சியில் நிலவியல் படித்தேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறேன். வருடத்துக்கு ஒரு முறை சிவப்பு சாக்பீஸ் தீரும்வரை அந்தப் படத்தைப் போர்டில் வரைகிறேன். ஆனால் நான் பிறந்தது நன்னிலம் பக்கம். அங்கே வயலில் ஒரு கல் கிடந்தால் அதை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் மலை என்று பெயர் வைத்திருக்கும் சுவாமிமலைகூடக் கையால் கட்டிய மலை.

அவளும் எங்களைப் போல வயல் சூழ்ந்த குத்தாலத்தில் பிறந்தவள்தான், இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்லையும் மண்ணையும் திரும்பிப் பார்த்தவள் இல்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏய், லாவாவும் மேக்மாவும் ஒண்ணுதானே?"

"உள்ள இருக்கறவரைக்கும் மேக்மா. வெளிய வந்தா லாவா."

"ஏதோ ஒண்ணு. சூடா இருக்கும்ல?"

எதிர் இலையிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "அது வெடிச்சிடாதாம்மா?"

"கூடவே கைடு வருவாங்க மாமா."

"கைடு வந்தா வெடிக்காதா?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசம் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் அவள் நினைப்பாகவே இருந்தேன். எந்தத் தீவு என்று கேட்டுவைத்துக்கொண்டு அதன் படங்களைத் தேடினேன். நடுவில் கறுத்த கூம்பு மலை, உச்சியில் வாய், சுற்றிலும் கடல். அந்த வாயின் விளிம்பில் அவள் நின்று செல்ஃபி எடுப்பாள். முகம் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவள் தோளுக்குப் பின்னால், தபால்தலை அளவுக்கு, நான் இத்தனை வருடம் கும்பிட்ட சாமி.

அப்புறம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. "என் ஆபீஸ் பொண்ணு ஒருத்தி வரலைன்னுட்டா. ஒரு இடம் காலியா இருக்கு. நீ வர்றியாடி? உனக்குத்தானே அந்தப் பைத்தியம்."

இன்னொருத்தி வேண்டாம் என்று விட்ட இடம். கோபப்பட்டிருக்கலாம். அவள் பேசி முடிக்கும் முன்பே "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் நடந்து பழகச் சொல்லியிருந்தார்கள். மேடு ஏறிப் பழகினால் நல்லதாம். தஞ்சாவூரில் மேட்டுக்கு எங்கே போவது? ரயில்வே மேம்பாலம்தான். முதுகுப்பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு விடிகாலையில் அந்தப் பாலத்தில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பால்காரர் ஒருவர் சில நாள் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"ஏம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லண்ணே. மலை ஏறப் பழகறேன்."

அவர் பாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா ஏறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னையில் அவள் குளிர்சாதன அறையில், சாய்த்து வைத்த ட்ரெட்மில்லில் ஏறிக்கொண்டிருந்தாள். தினமும் அதை வீடியோ எடுத்து அனுப்பினாள்.

தீவில் இறங்கிய முதல் நாளே கைடு எங்களை நிற்கவைத்துப் பேசினார். அந்தத் தீவுக்காரர், நடுவயது, ஒல்லி, பாதி ஆங்கிலமும் பாதி கையசைப்புமாகப் பேச்சு. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அடிவாரத்து நடை எல்லாருக்கும் உண்டு. கடைசி நாள், எரிமலை வாயின் விளிம்புக்கு, அவர் நம்பும் கால்களை மட்டும்தான் கூட்டிப்போவார். அதுவரை எங்கள் நடையைக் கவனித்துக்கொண்டே வருவார்.

அவள் என் காதில், "பரிட்சை வச்சிட்டாருடி வாத்தியார்" என்றாள். அவளுடைய அலுவலகத்துக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விளிம்பில் நிற்க வேண்டும். முடிந்தால் அவளுக்கு ஓரடி முன்னால். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நடை போன இடத்தைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மலைச்சரிவு முழுக்க வயல். படிப்படியாக இறங்கும் நெல்வயல், நடுவே ஒற்றையடி வரப்பு. வரப்பில் நடக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கீழே பார்க்காமல், கையை வீசிக்கொண்டு, கைடுக்குப் பின்னாலேயே போனேன். பின்னால் அலுவலகத்துக்காரர்கள் கம்பி மேல் நடப்பவர்கள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்கள். இவள் என் முதுகுப்பையைப் பிடித்துத் தொங்கினாள்.

"மெதுவா போடி! சர்க்கஸ் காட்டுறியா?"

"குத்தாலத்துக்காரிதானே நீ?"

"குத்தாலம்னா? எங்க வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம்டி!"

கைடு திரும்பி என் காலைப் பார்த்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அதை அவளும் பார்த்தாளா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பார்த்திருந்தாள்.

ஆனால் அந்த வயல்களைப் பார்க்கப் பார்க்க வேறொரு பொறாமை ஏறிக்கொண்டது. இது அவளைச் சேர்ந்தது இல்லை, மண்ணைச் சேர்ந்தது. எரிமலை கக்கிய சாம்பல் மக்கி உண்டான கறுப்பு மண். மேலே ஊற்றில் பிறந்த தண்ணீர் தானாகவே வயலுக்கு வயல் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று செய்தி கேட்க வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்ததா என்று சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டாம். ஒரே சரிவில் ஒரு வயலில் அறுப்பு நடக்கிறது, அடுத்ததில் நாற்று நடுகிறார்கள், அதற்கடுத்ததில் கதிர் பழுத்து நிற்கிறது. எங்கள் அப்பா பார்த்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அந்த நினைப்போடு நடந்துகொண்டிருந்தபோதுதான் உடைப்பைப் பார்த்தேன். புதிதாக நட்ட வயல். வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு வாய் பிளந்து, தண்ணீர் சளசளவென்று வெளியே பாய்கிறது. நட்ட வயலில் தண்ணீர் வற்றினால் களை மண்டும். எங்கள் பக்கத்தில் நண்டு வளை போட்டு வரப்பு இப்படித்தான் திறந்துகொள்ளும். யார் வயலாக இருந்தாலும் சரி, வழியில் போகிறவர் இறங்கிச் சேற்றை அள்ளி அடைத்துவிட்டுத்தான் நகர்வார். அதை யாரும் உபகாரமாக நினைப்பதில்லை, நன்றி சொல்வதும் இல்லை.

ஷூவைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. இறங்கினேன். இரண்டு கையாலும் சேற்றை வாரி வைத்து, மேலே ஏறி நின்று மிதித்தேன். தண்ணீர் நின்றது. பின்னால் வந்தவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். "விவசாயி! விவசாயி!" என்று அவள் கத்தினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் கேமரா அவள் முகத்தை விட்டு என் பக்கம் திரும்பியிருந்தது.

அப்போதுதான் எங்கள் காலுக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், ஆள் உயரப் பள்ளத்தில் இன்னொரு வயல். அதில் ஓர் அம்மாள், மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எனக்குப் புரியாத பாஷையில், எனக்கு நன்றாகவே புரியும்படி திட்டிக்கொண்டிருந்தார்.

கைடு ஓடிவந்தார். அது உடைப்பு இல்லை. மேல் வயல்காரரின் முறை முடிந்து, கீழ் வயலுக்குத் தண்ணீர் விட்டிருக்கும் நேரம். அவர்களே வெட்டிவிட்ட வாய் அது. எனக்கு அது தெரியவே தெரியாதா? மடையும் முறையும் எங்களிடம் இல்லாததா? ஆனால் என் கண் சமதரையில் பழகிய கண். ஒரு வயலுக்கு நேர் கீழே இன்னொரு வயல் இருக்கும் என்று அதற்குத் தோன்றவில்லை. போகிற தண்ணீர் வீணாகப் போகிறது என்றுதான் அது பார்த்தது.

நான் அடைத்ததை நானே பிரித்துவிட்டேன். கும்பிட்டேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்வெட்டியோடு போய்விட்டார். நேரமாகிவிட்டதால் கைடு எங்களை விரட்டினார். ஷூவுக்குள் சேறு, சாக்ஸெல்லாம் சேறு, அப்படியே நடந்தேன். எங்கள் ஊர்க் களிமண்ணாக இருந்தால் வழுக்கியிருக்கும், அதோடு போயிருக்கும். இது எரிமலை மண். பொடித்த கண்ணாடி மாதிரி அதில் மணல் கலந்திருந்தது. கல் பாதையில் ஏறி இறங்கி விடுதிக்கு வந்து ஷூவைக் கழற்றினபோது, இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

அடுத்த நாள் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அதற்கும் அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நொண்டுவது தெரியாமலிருக்க எல்லாருக்கும் முன்னால் போய் எரிமலைப் பாறைகளைப் பற்றி வகுப்பெடுத்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசி நாள் காலையில் சாம்பல் சரிவு தொடங்கியது. ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சறுக்கும். சறுக்குகிற ஒவ்வொரு தடவையும் குதிகால் ஷூவில் உரசியது.

விளிம்புக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கைடு என்னை அங்கே உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னார். பார்த்தார். தலையை ஆட்டினார். ஏற்றிவிடலாம், இறக்குவது கஷ்டம் என்றார். குரலில் கடுமையே இல்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"நானும் இவகூடவே இருக்கேன்" என்றாள் அவள்.

"நாடகம் போடாத. போ."

"இல்லடி, நிஜமாத்தான்..."

"போடின்னா! எனக்காக ஒண்ணும் நீ உக்கார வேணாம்."

போனாள். எறும்பு வரிசை மாதிரி அவர்கள் மேலே மேலே போய்ச் சின்னதாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மஞ்சள் சட்டை வரிசையில் முதலாவதாகப் போனது. கையில் ஒரு நுரைக்கல் அகப்பட்டது. தக்கை மாதிரி கனமே இல்லாத கல். படத்தில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன், தொட்டதில்லை. தூக்கி எறியத்தான் எடுத்தேன். எறியவில்லை, பையில் போட்டுக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் சாம்பல். பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்ன பாத்த?"

"ஒண்ணுமே இல்லடி. ஒரே மேகம். என் கையே எனக்குத் தெரியல. நல்லவேளை நீ வரல, வெட்டி அலைச்சல்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருக்கடையூரில் தொண்டையில் நின்ற பாயசம் அப்போதுதான் இறங்கியது. அவளும் பார்க்கவில்லை! அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே, பாட்டு முணுமுணுத்தபடி இறங்கினேன்.

திரும்பும்போது விமான நிலையத்தில் அவள் அலுவலகத்துப் பெண் தன் போனை என்னிடம் கொடுத்தாள், "படமெல்லாம் பாருங்க" என்று. தள்ளிக்கொண்டே போனேன். வரப்பில் நான், சேற்றில் நான், கொட்டகை. அதற்கப்புறம் துடைத்துவைத்த மாதிரி நீல வானம். அதன் கீழே எரிமலையின் வாய் முழுசாகத் திறந்துகிடந்தது. மஞ்சள் படிந்த சுவர்கள், அடியில் வெள்ளையாகக் கிளம்பும் ஆவி. விளிம்பில் மஞ்சள் சட்டை, அதிசயமாகக் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நின்றது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியம்மா மகள் காபி வாங்கப் போயிருந்தாள். எனக்கும் சேர்த்து வாங்கி வந்தாள். வாங்கிக் குடித்தேன்.

ஊருக்கு வந்த பிறகு அவள் தினமும் ஸ்டேட்டஸ் போட்டாள். சாப்பாடு, கடல், விடுதிப் பூனை. எரிமலை வாய் மட்டும் வரவேயில்லை. காலை டிபனைக்கூட ஊருக்குக் காட்டாமல் சாப்பிடாதவள், வாழ்நாளில் எடுத்த மிகப் பெரிய படத்தை எனக்காக மறைத்துவைத்திருந்தாள். ஒரு விடுமுறையில் குத்தாலம் போயிருந்தபோது பெரியம்மா கேட்டதற்கும், என் எதிரிலேயே, "மேல ஒண்ணுமில்லம்மா, சும்மா மேகம்" என்றாள். கண் இமைக்காமல் சொன்னாள். அங்கேதான் என்னால் தாங்க முடியவில்லை. எரிமலையையும் அவளே பார்த்தாள், பெருந்தன்மையும் அவளுக்கே என்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

நன்னிலத்தில் அப்பா வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே செய்தி அனுப்பினேன். "பாத்துட்டேன்டி. ஏர்போர்ட்லயே. அனுப்பு எல்லாத்தையும்."

அப்புறம் படங்கள் வர ஆரம்பித்தன, நிற்காமல், மடை திறந்த மாதிரி. ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்னிலத்தில் இறங்குகிறவரை வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. கந்தகம் மஞ்சளாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன், சுவரில் அடுக்கடுக்காக ஓடும் கோடுகளைப் பார்த்தேன். எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

கடைசிப் படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "இது புகை வர்ற இடம்."

"புகை இல்லடி, அது நீராவி" என்று அனுப்பினேன். "அந்தக் கோடெல்லாம் என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லு."

பஸ் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டேன்.