எல்லைப் பிரபுக்களும் எங்கள் குடி மரைக்காரும்

சுனாமியாய்க் கடல் வந்து போன பிறகு பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கியபோது, உயர்தர வகுப்புக்கு நான் முதலில் எடுத்த பாடம் ஐரோப்பாவின் எல்லைப் பிரபுக்கள். கல்முனையில் பாதிச் சனம் கூடாரத்தில் கிடக்க, ஜெர்மானியரின் மார்க்கிரேவ் யாரென்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் பரீட்சை வரும், பாடத்தை விட முடியாது.

அரசன் தன் நாட்டின் விளிம்பைக் காக்க ஒருவனை நிறுத்துவான். எதிரி முதலில் அவன் மேல்தான் விழுவான் என்பதால், உள்நாட்டுப் பிரபுக்களுக்கு இல்லாத அதிகாரம் அவனுக்கு; அரசனைக் கேட்காமலே படை திரட்டலாம். பிறகு பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. எல்லை எங்கோ நகர்ந்தது. எல்லையைக் கண்ணாலும் காணாதவர்களெல்லாம் மார்க்கிரேவ், மார்க்குவிஸ் என்று அரண்மனை விருந்தில் முன்வரிசை பிடித்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு என் மாமாவின் முகம்தான் வந்தது.

உம்மாவின் தம்பியான அவர் எங்கள் குடியின் மரைக்கார். குடி எங்களுக்குத் தாய்வழி. பள்ளிவாசலில் குடிக்காகப் பேசுகிற மரைக்கார் பட்டமும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு வரும். ஆனால் வீடும் அது நிற்கிற வளவும் பெண்களுக்கு. கல்யாணத்தில் வீட்டைப் பெண்ணுக்கு எழுதுவார்கள். மாப்பிள்ளை வந்து ஒட்டிக்கொள்வார். கரையோரத்து வீட்டை உம்மா எனக்குத் தந்திருந்தார். கடல் உம்மாவையும் எடுத்தது, வீட்டையும் எடுத்தது. வளவும் கிணற்றுக்கட்டும்தான் மிஞ்சின.

கரையில் இனி வீடு கட்டக் கூடாது, வயலுக்கு அப்பால் வேறு வீடு தருவோம் என்றார்கள் அதிகாரிகள். மாமா பள்ளிவாசலில் எழுந்து, எங்கள் குடியில் ஒருவரும் கரைக்குத் திரும்ப மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வளவுக்காரிகளில் ஒருத்தியிடமாவது ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அவருடைய மனைவி, என் பக்கத்து வளவுக்காரி, வேறு குடி. அந்த மாமியின் வளவையும் சேர்த்தே தாரை வார்த்திருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

கணவரும் நானும் வளவில் தடி நட்டுத் தறப்பாளைக் கூரையாகக் கட்டினோம். அவருக்குப் பயம், இருந்தாலும் கயிற்றைப் பிடித்தார். எனக்கும் பயம்தான். கடல் சற்று உரக்க இரைந்தாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடியிருக்கிறேன். ஓடிய ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா வந்தார். மருமகளே தன் வாக்கை மிதிக்கிறாள் என்று ஊர் சிரிக்கிறதாம். தறப்பாளை அவிழ்க்கச் சொன்னார்.

“மாமா, மரைக்கார் பட்டம் உங்களுக்கு உம்மா வழியில வந்த. இந்த வளவு எனக்கும் அப்பிடித்தான் வந்த,” என்றேன். “பட்டத்த நீங்க வெச்சிக்கங்க. வளவுல நான் இரிக்கன்.”

அவர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நான் சுவர் எழுப்புவதை நிறுத்தவில்லை. கட்டினால் இடிப்போம் என்று வந்த அதிகாரிகளிடமும், இடியுங்கள், மறுபடி கட்டுவேன் என்றேன். பிறகு அவர்களே தடையைத் தளர்த்தினார்கள். யாருக்கும் நான் நன்றி சொல்லவில்லை.

கடல் வந்து நாலு வருடம் கழித்து, யுத்தம் முடிந்ததென்று பட்டாசு வெடித்த வருடத்திலும், மாமாவின் வாக்கை நம்பிப் போனவர்கள் வயலுக்கு அப்பால் தகரக் கொட்டில்களில்தான் வெந்துகொண்டிருந்தார்கள். ஒரு காலை, அங்கிருந்து மாமி சட்டி பானையோடு தன் வளவுக்கு வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கல் வைத்து அடுப்பு மூட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மாமா வந்து வேலிக்கு வெளியே நின்றார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் வீடுதான் ஆணுக்கு வீடு, அவர் மரைக்காராக இருந்தாலும். யாராவது உள்ளே கூப்பிடுவார்கள் என்று பார்த்தார். நான் கூப்பிடவில்லை.

மாமி அடுப்பை ஊதியபடி, தலை நிமிராமல் சொன்னார்:

“இது என்ட வளவு. வாறெண்டா வாங்க. ஆனா இதப் பத்தி இனிப் பள்ளிவாசல்ல நீங்க கதைக்கப்படா.”

மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.